உடன்வயிற்றுச் சொல்: கிரேக்க அடெல்போஸும் ஆங்கிலத்தில் அதன் வழித்தோன்றல்களும்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துப் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டால் ‘சகோதர அன்பு’ என்ற விடை உடனே வரும். அந்த விடையில் பிழையில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அந்தச் சொல்லின் உயிர்நிலையைத் தொடாமலேயே கடந்துவிடுகிறோம். ‘பிலோஸ்’ என்றால் அன்புடையவர்; ‘அடெல்போஸ்’ என்றால் உடன்பிறந்தவன். இந்த அடெல்போஸை மேலும் பிரித்துப் பார்த்தால் உள்ளே அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அங்கே இருப்பது ஒரு வயிறு. ‘டெல்புஸ்’ என்பது பழைய கிரேக்கத்தில் கருப்பையின் பெயர். அதற்கு முன்னால் நிற்கும் ‘அ’ என்ற முன்னொட்டு ‘ஒரே’, ‘உடன்’ என்னும் பொருள் தருவது. ஒரே வயிற்றில் பிறந்தவன் என்பதுதான் அச்சொல்லின் நேர்ப்பொருள்.

அந்த ‘அ’ பலரையும் வழிதவற வைக்கும் என்பதால் அதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கிரேக்கச் சொற்களின் முன்னால் வரும் ‘அ’ பெரும்பாலும் இன்மையைக் குறிப்பது; ‘பிளக்க முடியாதது’ என்ற பொருளில், அணுவைக் குறிக்கும் ‘அட்டம்’ (atom) என்ற சொல் பிறந்தது அவ்வாறே. அடெல்போஸில் இருப்பது வேறொரு ‘அ’. அது தொடக்கத்தில் ‘ஹ’ என்று மூச்சோடு ஒலித்தது. அதே சொல்லில் பின்னால் மூச்சொலி கொண்ட இன்னொரு மெய் வருவதால், இரண்டு மூச்சொலிகள் அடுத்தடுத்து வருவதை விரும்பாத கிரேக்க நா முதலாவதைக் கைவிட்டது. அந்த ‘ஹ’ சமஸ்கிருதத்தில் ‘ஸ’ என்று நிற்கிறது. நாம் அன்றாடம் எழுதும் ‘சகோதரன்’ என்ற சொல்லின் முதலெழுத்தும் அந்தப் பொருளைத் தருவதுதான். உதரம் என்றால் வயிறு. உதரத்தை உடன்கொண்டவன் சகோதரன். கிரேக்கமும் சமஸ்கிருதமும் வெவ்வேறு வயிற்றுச் சொற்களைக் கொண்டு ஒரே வீட்டைக் கட்டியிருக்கின்றன.

ஒரே செங்கல்லைக் கொண்டு கட்டிய இன்னொரு சொல்லும் உண்டு. உடன்பிறந்தவனைச் சமஸ்கிருதம் ‘ஸகர்ப்ய’ என்றும் அழைக்கும். இதிலுள்ள ‘கர்ப்ப’ என்ற பகுதியும் கிரேக்க ‘டெல்புஸ்’ என்பதும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்பது மொழியியலாளர்களிடையே பரவலாக ஏற்கப்பட்ட முடிவு. ‘க’வும் ‘ட’வும் எங்ஙனம் உறவாகும் என்ற ஐயம் எழுவது இயல்பு. கிரேக்கத்துக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுவான மூலமொழியில் அந்த இடத்தில் இருந்தது உதட்டைக் குவித்து உச்சரிக்கும் ஒருவகைக் ககரம். இந்தியக் கிளையில் அது ககரமாகவே தங்கியது. கிரேக்கத்தில், ‘எ’ என்ற உயிருக்கு முன்னால் வந்தபோது, பெரும்பாலான வட்டார வழக்குகளில் டகரமாகவும், அயோலிய வழக்கில் பகரமாகவும் மாறியது. டெல்பி என்ற புகழ்பெற்ற குறிகேட்கும் தலத்தின் பெயரை அயோலிய வழக்கினர் ‘பெல்போய்’ என்று சொன்னதற்குச் சான்று இருக்கிறது. அந்தத் தலத்தின் பெயரையும் கருப்பையைக் குறிக்கும் இச்சொல்லோடு இணைத்துப் பார்ப்பதே வழக்கம். கருப்பையுள்ள கடல்வாழ் உயிர் என்பதால் டால்பினுக்கு வந்த பெயரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் தமிழின் ‘கரு’ என்ற சொல்லை இதனோடு முடிச்சிட்டுவிடக் கூடாது. அது திராவிட மரபின் தனிச்சொல், ஒலி ஒற்றுமை தற்செயலானது.

தமிழுக்கும் இந்தச் சிந்தனை அயலானதன்று. புறநானூற்றின் 183ஆம் பாடலில், பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், உடன்பிறந்த பிள்ளைகளுக்குள்ளும் கல்வியின் சிறப்பால் தாயின் மனம் ஒருவர் பக்கம் சாயும் என்று சொல்லுமிடத்தில் ‘உடன்வயிறு’ என்ற சொல்லை ஆள்கிறான். ‘உடன்’ முன்னொட்டு, ‘வயிறு’ பெயர். அடெல்போஸை எழுத்துக்கு எழுத்து தமிழாக்கினால் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. கிரேக்கத்திலிருந்து எடுத்ததன்று, சமஸ்கிருதத்தைப் பார்த்துச் செய்ததாகவும் தோன்றவில்லை. கூடப்பிறந்தவன், ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று இன்றும் வீடுகளில் பேசுகிற மொழிக்கு அது இயல்பாக வருகிற சொல். ஆங்கில அகராதியில் அடெல்போஸுக்கு எதிரே ‘சகோதரன்’ என்ற ஒற்றைப் பொருளைக் காணும் ஆங்கில வாசகருக்கு வயிறு கண்ணில் படுவதில்லை. தமிழ் வாசகருக்கு அது தன் வீட்டுச் சொல்லாகவே தெரிகிறது.

கிரேக்கர்களுக்கு இப்படி ஒரு சொல்லைப் புதிதாகச் செய்துகொள்ள ஏன் தேவை வந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் சுவையான பகுதி. ஆங்கிலத்தின் ‘பிரதர்’, லத்தீனின் ‘பிராட்டர்’, சமஸ்கிருதத்தின் ‘பிராத்ரு’, பாரசீகத்தின் ‘பிராதர்’ ஆகிய அனைத்தும் ஒரே மூலச்சொல்லின் பிள்ளைகள். அந்தச் சொல் கிரேக்கத்திலும் ‘பிராத்தர்’ என்ற வடிவில் இருந்தது. ஆனால் அங்கே அது வீட்டைவிட்டு வெளியேறிப் பொதுவாழ்வுக்குப் போய்விட்டது. ஒரே குலக்குழுவின் உறுப்பினரை அது குறிக்கத் தொடங்கியது. அந்தக் குழுவின் பெயரிலிருந்தே மானிடவியலார் ஆங்கிலத்தில் ஆளும் ‘பிராட்ரி’ என்ற சொல் வந்தது. ஏதென்ஸில் ஆண்டுதோறும் மூன்று நாள் நடந்த அபட்டூரியா விழாவில் தந்தையர் தம் மகன்களை அழைத்துவந்து குழுவில் பதிவு செய்வார்கள். பங்காளி என்ற நம் சொல்லை இங்கே நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும்: உரிமையும் பெயரும் தந்தைவழி வருபவை, அந்த வழியில் சேர்ந்தவர்கள் அனைவரும் பிராத்தர்கள். ஊர்க்கணக்கில் அச்சொல் இப்படிச் செலவாகிவிட்டதால், ஒரு வீட்டுக்குள் உடன்பிறந்தவனைக் குறிக்க வேறு சொல் வேண்டியிருந்தது. தந்தைவழிச் சொல் பொதுவில் போனபின் தாயின் வயிற்றைக் கொண்டு புதுச்சொல் செய்தார்கள் என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம்.

ஏதென்ஸின் மணவழக்கம் இந்த வயிற்றுக்கணக்கு எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டுகிறது. ஒரே தந்தைக்கு வெவ்வேறு தாய்மாரிடம் பிறந்த ஆணும் பெண்ணும் மணந்துகொள்வதை அந்நகரம் அனுமதித்தது. ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள் மணப்பது அனுமதிக்கப்படவில்லை. இன்றைய நமக்கு இரண்டுமே ஏற்கவியலாதவை. இருந்தாலும் கோட்டை எங்கே கிழித்தார்கள் என்று பாருங்கள்: வயிறு எங்கே ஒன்றாகிறதோ அங்கே.

இந்தப் பின்னணியை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் எகிப்தை ஆண்ட கிரேக்க அரசன் இரண்டாம் தாலமியின் பெயர் எத்தனை கனமானது என்பது புரியும். அவன் தன் அக்கா அர்சினோயேவை மணந்தான். இருவரும் முதலாம் தாலமிக்கும் பெரெனிகேவுக்கும் பிறந்தவர்கள்; தந்தையும் ஒன்று, வயிறும் ஒன்று. கிரேக்க வழக்கத்தின் கோட்டை அவர்கள் அப்பட்டமாகத் தாண்டினார்கள். அதை மறைப்பதற்குப் பதிலாக அரசு அதையே வழிபாடாக்கியது. கி.மு. 270களில் அரசனும் அரசியும் ‘உடன்பிறந்த தெய்வங்கள்’ என்ற பெயரில் வணங்கப்பட்டார்கள். ‘பிலடெல்போஸ்’, அதாவது உடன்பிறந்தவனிடம் அன்புகொண்டவள், என்ற பட்டம் முதலில் அர்சினோயேவுக்கே உரியது. தாலமியைப் பிற்காலத்தவர்தான் அந்தப் பட்டத்தால் அழைத்தார்கள். வரலாற்றுப் புத்தகங்கள் ‘தாலமி பிலடெல்பஸ்’ என்று எழுதும்போது நாம் படிப்பது, உண்மையில், அக்காளின் பட்டத்தைத் தம்பி சுமப்பதைத்தான்.

இந்தத் தாலமி தமிழ் வாசகருக்கு முற்றிலும் அந்நியனல்லன். அசோகனின் 13ஆம் பெரும்பாறைக் கல்வெட்டில் ‘துரமாய’ என்று குறிக்கப்படும் யவன அரசன் இவனே. தம்மத்தின் செய்தி சென்றடைந்த நாடுகளைச் சொல்லும் அந்தப் பகுதியில் சோழரும் பாண்டியரும் இடம்பெறுகிறார்கள். தாலமி அந்தப் பட்டத்தோடு தொடர்புடைய பெயரை ஊர்களுக்கும் கொடுத்தான். இன்று ஜோர்டான் நாட்டின் தலைநகராக உள்ள அம்மான், நெடுங்காலம் பிலடெல்பியா என்றே வழங்கியது.

மற்றொரு பிலடெல்பியா இன்றைய துருக்கியில் இருக்கிறது. அலாஷெஹிர் என்பது அதன் இப்போதைய பெயர். பெர்கமோன் அரசன் இரண்டாம் யூமினிஸும் அவன் தம்பி அட்டாலஸும் வாழ்ந்த காலத்தோடு அது தொடர்புடையது. கி.மு. 172இல் ரோமிலிருந்து திரும்பும் வழியில் யூமினிஸ் ஓரிடத்தில் தாக்கப்பட்டான். மேலிருந்து உருட்டிய பாறைகள் அவனை வீழ்த்தின. அந்த இடம் டெல்பி. அண்ணன் இறந்துவிட்டான் என்ற செய்தி ஊருக்கு எட்டியதும் அட்டாலஸ் முடிசூடி, அண்ணியையும் மனைவியாக ஏற்றான். யூமினிஸ் உயிரோடு திரும்பினான். அட்டாலஸ் முடியைக் கழற்றிவைத்துவிட்டு, காவலர்களில் ஒருவனைப் போல ஈட்டி ஏந்தி அண்ணனை எதிர்கொள்ளச் சென்றான். தான் இறந்ததைக் கண்ணால் காணும்வரை மணத்துக்கு அவசரப்பட வேண்டாம் என்று மட்டும் தம்பியின் காதில் சொல்லிவிட்டு, யூமினிஸ் அதன்பின் அவனை ஐயுறவில்லை என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். சில ஆண்டுகள் கழித்து, அண்ணனிடமிருந்து நாட்டைப் பங்கு கேட்கும்படி ரோமானியர் சிலர் தூண்டியபோதும் அட்டாலஸ் மறுத்தான். யூமினிஸுக்குப்பின் கி.மு. 159 முதல் 138 வரை ஆண்ட அவனுக்கு ‘பிலடெல்போஸ்’ என்ற பெயர் நிலைத்தது. பங்காளிச் சண்டையில் அரசுகள் அழிந்த கதைகளையே கேட்டு வளர்ந்த நமக்கு, இந்தப் பெயர் வாளால் பெறாத பட்டமாகத் தோன்றுகிறது.

புதிய ஏற்பாட்டின் வெளிப்படுத்தின விசேஷத்தில் கடிதம் பெறும் ஏழு சபைகளுள் ஒன்று இந்த நகரத்தினுடையது. தமிழ் வேதாகமம் அதைப் ‘பிலதெல்பியா’ என்று எழுதுகிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சபைகள் சில இப்பெயரைத் தாங்கியிருப்பது அந்த வழியில்தான். கிறித்தவத்துக்கு முன்பு ‘பிலடெல்பியா’ என்ற சொல் மெய்யான உடன்பிறந்தாரிடையே உள்ள அன்பையே குறித்தது. ஒரே வயிற்றில் பிறக்காத நம்பிக்கையாளர்கள் ஒருவரையொருவர் உடன்பிறந்தாராக ஏற்கும் அன்புக்கு அதை விரித்தவர்கள் தொடக்ககாலக் கிறித்தவர்கள். எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரம் ‘சகோதரசிநேகம் நிலைத்திருக்கக்கடவது’ என்று தொடங்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் பிலடெல்பியாதான்.

இந்த விரிவு ‘அடெல்போய்’ என்ற பன்மையில் இன்னும் தெளிவாகத் தெரியும். கிரேக்கத்தில் உடன்பிறந்தவனுக்கும் உடன்பிறந்தவளுக்கும் ஒரே வேர். ஈற்றில் மட்டும் ‘அடெல்போஸ்’, ‘அடெல்பே’ என்ற வேறுபாடு. பன்மையில் ஆண்பால் வடிவமே இருவரையும் அடக்கும். அர்சினோயேவும் தாலமியும் சேர்ந்து ‘அடெல்போய்’ ஆனது அப்படியே. ஆங்கிலத்தில் பிரதர், சிஸ்டர் என்ற இரண்டு தனிச்சொற்கள் இருப்பதால், பவுலின் கடிதங்களில் சபையை விளிக்கும் அடெல்போய் பல நூற்றாண்டுகளாக ஆண்களை மட்டும் விளிப்பதுபோல மொழிபெயர்க்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த சில மொழிபெயர்ப்புகளே பெண்களையும் சேர்த்து எழுதத் தொடங்கின. தமிழுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மு. கருணாநிதி தம் கட்சியினருக்கு எழுதிய கடிதங்களில் ‘உடன்பிறப்பே’ என்று விளித்தபோது அதில் ஆணும் அடங்கினர், பெண்ணும் அடங்கினர். மூத்தவர் இளையவர் என்ற பாகுபாடும் இல்லை. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று வயதைச் சொல்லியே உடன்பிறந்தாரைப் பெரும்பாலும் பேசுகிற ஒரு மொழியில், அந்த நான்கையும் ஒன்றாக்கும் சொல் பிறப்பைச் சுட்டும் சொல்லாகவே அமைந்தது கவனிக்கத்தக்கது.

இயேசுவின் ‘சகோதரர்’ என்று மாற்கு நற்செய்தி பெயர்சொல்லிக் குறிப்பிடும் நால்வர் யார் என்ற நெடிய விவாதமும் இந்த ஒரு சொல்லைச் சுற்றியதே. மரியாளின் பிள்ளைகள் என்று கொண்டவர் ஹெல்விடியஸ். அவரை மறுத்து, நெருங்கிய உறவினர் என்று 4ஆம் நூற்றாண்டில் வாதிட்டவர் இறையியலாளர் ஜெரோம். யோசேப்பின் முந்தைய மனைவியின் பிள்ளைகள் என்பது கிழக்குத் திருச்சபை மரபு. சித்தப்பா பிள்ளையையும் பெரியம்மா பிள்ளையையும் அண்ணன் தம்பி என்றே அழைத்து வளர்கிற நமக்கு, ஒரு சொல் பிறப்பில் வயிற்றைச் சுட்டினாலும் வழக்கில் அதைத் தாண்டிச் செல்லும் என்பதை விளக்கத் தேவையில்லை.

வில்லியம் பென் 1682இல் தன் குடியேற்ற நகரத்துக்குப் பிலடெல்பியா என்று பெயரிட்டது இந்த விரிந்த பொருளில்தான். நட்பர் சபை என்னும் குவேக்கர் பிரிவைச் சேர்ந்த அவர், நம்பிக்கைக்காகச் சிறை சென்றவர். எச்சமயத்தவரும் அஞ்சாமல் வாழும் ஊர் ஒன்றை அமைக்க விரும்பினார். அந்தப் பெயர் ஒரு வாக்குறுதி. ஆனால் பென் அடிமைகளை வைத்திருந்தவர் என்பதையும் சொல்லாமல் விடலாகாது. இன்று அந்நகரத்தின் பகுதியாக உள்ள ஜெர்மன்டவுனில் 1688இல் நால்வர் கையெழுத்திட்டு அடிமைமுறைக்கு எதிராகத் தம் சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். உடன்பிறந்தார் அன்பு என்ற பெயரை எழுத்துப்படி எடுத்துக்கொண்டவர்கள் அவர்களே என்று நான் கருதுகிறேன்.

லண்டனில் இதே சொல் கல்லும் சுண்ணமுமாக நின்றது. ஜான், ராபர்ட், ஜேம்ஸ், வில்லியம் என்ற நான்கு ஆடம் சகோதரர்கள் 1768இல் தேம்ஸ் கரையில் வரிசைவீடுகளைக் கட்டத் தொடங்கி, அந்தக் கட்டடத் தொகுதிக்கு ‘அடெல்பி’ என்று பெயரிட்டார்கள். 1772இன் நிதி நெருக்கடி அவர்களை ஓட்டாண்டிகளாக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது. வீடுகளைப் பரிசாக வைத்துக் குலுக்கல் நடத்தி மீண்டார்கள். வரிசையின் நடுப்பகுதி 1936இல் இடிக்கப்பட்டது. அருகிலுள்ள நாடக அரங்கு 1819இல் பெற்ற அப்பெயரை இன்றும் சுமந்து நிற்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், படையில் சேர மறுத்த ஒரு சிறு கிறித்தவக் குழு அரசிடம் பதிவு செய்யப் பெயர் தேவைப்பட்டபோது ‘கிறிஸ்டடெல்பியன்’, அதாவது கிறிஸ்துவின் உடன்பிறந்தார், என்று தன்னை அழைத்துக்கொண்டது.

இவ்வாறு பட்டத்துக்கும் ஊருக்கும் சபைக்கும் போய் வயிற்றை மறந்துவிட்ட சொல்லை மறுபடி வயிற்றுக்கே அழைத்துவந்தவர் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ். 1735இல் அவர் வெளியிட்ட வகைப்பாட்டில் பூக்களை மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் கொண்டு 24 வகுப்புகளாகப் பிரித்தார். அவற்றில் 16ஆவது மோனடெல்பியா, 17ஆவது டயடெல்பியா, 18ஆவது பாலியடெல்பியா. மகரந்தத்தாள்களைக் கணவர்கள் என்றே குறித்த அவர், முதல் வகுப்பில் அவர்கள் சகோதரர்களைப் போல ஓர் அடியிலிருந்து எழுகிறார்கள் என்றும், இரண்டாவதில் இரு தாய்மாரிடமிருந்து வருவதுபோல இரண்டு அடிகளிலிருந்து எழுகிறார்கள் என்றும், மூன்றாவதில் இரண்டுக்கும் மேற்பட்ட தாய்மாரிடம் பிறக்கிறார்கள் என்றும் விளக்கினார். தாயைக் கணக்கிடுகிறார் என்பதால், அடெல்போஸின் உள்ளே இருக்கும் கருப்பையை அவர் அறிந்தே எழுதினார் என்று கொள்ளலாம். ஒப்போசம் என்ற பைப்பாலூட்டிக்கு அவர் ‘டைடெல்பிஸ்’, இரட்டைக் கருப்பை, என்று பெயர் வைத்ததும் இதற்குத் துணைநிற்கிறது. கருப்பை இரண்டாகப் பிரிந்து அமைந்த பெண்களின் ஸ்கேன் அறிக்கையில் மருத்துவர்கள் இன்றும் எழுதுவது அந்தச் சொல்லையே.

தமிழ்ப் பாடநூல்கள் லின்னேயஸின் அந்த மூன்று அமைப்புகளையும் ஒருகற்றை, இருகற்றை, பலகற்றை என்கின்றன. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்வதில் கற்றை என்ற சொல் மிகப் பொருத்தமானது. உறவு மட்டும் அதில் விடுபட்டுப்போனது. செம்பருத்திப் பூவின் நடுவிலிருந்து நீளும் தண்டைப் பிளந்து பார்த்தால், மகரந்தத்தாள்கள் எல்லாம் அடியில் ஒட்டிக் குழலாகி, நடுவில் சூல்தண்டைச் சூழ்ந்திருப்பது தெரியும். பருத்தி, வெண்டை, பூவரசு ஆகியவற்றிலும் இதே அமைப்புதான். எலுமிச்சைப் பூவில் தாள்கள் சிறுசிறு குழுக்களாக ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவே நிற்பது சங்குப்பூ. அதன் பெரிய நீல இதழையும் பக்க இதழ்களையும் விலக்கிவிட்டு உள்ளே பார்த்தால் பத்து மகரந்தத்தாள்கள் இருக்கும். ஒன்பது தாள்கள் ஒட்டி, ஒரு பக்கம் திறந்த உறையைப் போலச் சூலகத்தைப் போர்த்தியிருக்கும். பத்தாவது, பெரிய இதழை நோக்கிய அந்தத் திறப்பின்மேல் யாரோடும் ஒட்டாமல் தனியே கிடக்கும். லின்னேயஸின் கணக்கில் அது வேறு தாயின் பிள்ளை. காம்புவரை நகத்தால் கிழித்துக்கொண்டு போனால், ஒன்பதும் அந்த ஒன்றும் பூத்தளத்தின் அதே வட்டத்திலிருந்து கிளம்பியிருப்பதைக் காணலாம்.